ஆபரேஷனுக்கு முன் சுகரைக் குறைக்கச் சொல்வது ஏன்? வழிகாட்டிய டாக்டர் எலியட் ஜோஸ்லினின் கதை

குடலிறக்கம், கண்புரை, மூட்டு மாற்று என எந்த ஆபரேஷனாக இருந்தாலும் முதலில் ரத்தத்தில் சர்க்கரை அளவைப் பார்க்கிறார்கள். அளவு ரொம்ப அதிகமாக இருந்தால், குறைத்துக்கொண்டு வரச் சொல்லித் தேதியைத் தள்ளிப்போடுகிறார்கள். லீவு சொல்லி, பணம் புரட்டி வந்து நிற்கும் குடும்பத்துக்கு இது எரிச்சலாகத்தான் இருக்கும். ஒரு நாள் சுகரில் என்ன வந்துவிடப் போகிறது என்று தோன்றும்.

நூறு வருடங்களுக்கு முன்பு நிலைமை வேறு. சர்க்கரை நோயாளி என்று தெரிந்தாலே கத்தியை எடுக்கத் தயங்கிய சர்ஜன்கள் நிறைய. அந்தப் பயத்தைப் போக்கியவர்களில் முக்கியமானவர் அமெரிக்காவின் பாஸ்டன் நகர டாக்டர் எலியட் ஜோஸ்லின். இத்தனைக்கும் அவர் சர்ஜன் கிடையாது.

செருப்புத் தொழிற்சாலைக்காரர் மகன்

ஜோஸ்லின் பிறந்தது 1869-ல், மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஆக்ஸ்ஃபோர்டு என்ற சிற்றூரில். அப்பா காலணித் தொழிற்சாலை நடத்தியவர். பிற்காலத்தில் ஆயிரக்கணக்கான நோயாளிகளின் பாதங்களைப் பற்றி மகன் கவலைப்படப் போகிறார் என்று அப்போது யார் நினைத்திருப்பார்கள்!

யேல் பல்கலைக்கழகம், பிறகு ஹார்வர்டில் மருத்துவம். 1895-ல் படிப்பை முடித்தார். மூன்று வருடம் கழித்து பாஸ்டனில் பெற்றோரின் வீட்டிலேயே நோயாளிகளைப் பார்க்க ஆரம்பித்தார். வருகிறவர்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு எண் கொடுத்து, வயது, எடை, சாப்பாடு, சிறுநீரில் போன சர்க்கரை, கடைசியில் என்ன ஆனது என்பதையெல்லாம் பெரிய பேரேடுகளில் எழுதி வைத்தார். அந்தப் பேரேட்டில் 8-ம் எண் அவருடைய அம்மா சாராவுடையது.

சித்தி ஒருவர் ஏற்கெனவே இந்த நோயில் இறந்திருந்தார். அம்மாவுக்கும் வந்ததும் உணவுக் கட்டுப்பாட்டில் வைத்தார். அன்றைக்கு யாரும் எதிர்பார்க்காத வகையில் அவர் பத்து வருடங்களுக்கு மேல் வாழ்ந்தார். கட்டுப்பாடு இருந்தால் ஆயுள் நீளும் என்ற நம்பிக்கை ஜோஸ்லினுக்கு வீட்டிலிருந்தே வந்தது.

1916-ல் தன்னுடைய ஆயிரம் நோயாளிகளின் பதிவுகளை வைத்து சர்க்கரை நோய் சிகிச்சை பற்றிய பெரிய நூலை வெளியிட்டார். 1918-ல் நோயாளிகளே படிக்கிற மாதிரி ஒரு கையேடு எழுதினார். நோயாளிக்குப் பாடம் எடுப்பதும் சிகிச்சைதான் என்பது அவர் கட்சி. வீட்டிலேயே பெனடிக்ட் கரைசலில் சிறுநீரைச் சூடாக்கிப் பார்க்கக் கற்றுக்கொடுத்தார். நீலமாகவே இருந்தால் சர்க்கரை இல்லை. செங்கல் நிறம் வந்தால் ரொம்ப அதிகம். பள்ளிக்கூட லேபில் செய்து பார்த்தவர்களுக்கு அந்த நிறம் ஞாபகம் இருக்கும்.

ஆனால் இன்சுலின் இல்லாத காலம் அது. கட்டுப்பாடு என்றால் கிட்டத்தட்ட பட்டினிதான். சின்னப் பிள்ளைகள்கூட எலும்பும் தோலுமாகி, சில மாதங்களோ சில வருடங்களோ தள்ளிப்போட்டு இறந்தார்கள். ஜோஸ்லினும் அந்தப் பட்டினி வைத்தியத்தைச் செய்தவர்தான், அதில் மறைக்க ஒன்றும் இல்லை.

கத்தி வைத்தால் என்ன ஆகும்?

அப்படிப்பட்ட உடம்பில் ஆபரேஷன் செய்தால் ஆபத்து இரண்டு பக்கமும் இருந்தது. வெட்டுக்காயம் என்பது உடம்புக்கு ஒரு அதிர்ச்சி. உடனே அட்ரினலின், கார்ட்டிசால் போன்ற ஹார்மோன்கள் சுரக்கின்றன. கல்லீரல் சர்க்கரையை வெளியே விடுகிறது. அன்று பரவலாக இருந்த ஈதர் மயக்க மருந்து சர்க்கரையை இன்னும் ஏற்றியது. ஆபரேஷனுக்கு முன் பட்டினி போட்டால், இன்சுலின் இல்லாத உடம்பு கொழுப்பை எரித்து ரத்தத்தில் அமிலத்தைச் சேர்க்கும். காயம் நன்றாக இருக்கும்போதே நோயாளி கோமாவில் போய்விடுவார்.

அதைத் தாண்டியவர்களுக்குக் காயம் ஆறாது. சர்க்கரை மிகும்போது கிருமிகளை விழுங்கும் வெள்ளை அணுக்கள் மந்தமாகிவிடுகின்றன. தையல் போட்ட இடத்தில் சீழ் வைக்கும். சீழ் வைத்தால் சர்க்கரை இன்னும் ஏறும். இந்தச் சுழலில் மாட்டினால் வெளியே வருவது கஷ்டம்.

1922-ல் டொரன்டோவிலிருந்து இன்சுலின் வந்தது. அதைக் கண்டுபிடித்த குழுவில் இருந்த பேன்டிங் ஒரு சர்ஜன் என்பது பலருக்குத் தெரியாது. அந்த ஆண்டு ஆகஸ்ட் 7-ல் ஜோஸ்லின் தன் முதல் நோயாளிக்கு இன்சுலின் ஊசி போட்டார். வீட்டை விட்டு வெளியே வர முடியாமல் மெலிந்து கிடந்த ஒரு நர்ஸ் அவர். சில வாரங்களில் எழுந்து நடமாடினார்.

இன்சுலின் கையில் வந்த பிறகு ஆபரேஷனும் சாத்தியமானது. பாஸ்டனின் நியூ இங்கிலாந்து டீக்கனஸ் மருத்துவமனையில் ஜோஸ்லினுடன் லீலாண்ட் மெக்கிட்ரிக் என்ற சர்ஜன் சேர்ந்தார். கத்தி பிடிப்பவரும் சுகர் பார்ப்பவரும் ஒரே நோயாளியின் பக்கத்தில் நிற்கும் ஏற்பாடு அது. ஜோஸ்லின் குழுவின் ஹோவர்ட் ரூட்டும் மெக்கிட்ரிக்கும் 1928-ல் சர்க்கரை நோயாளிகளுக்கான அறுவை சிகிச்சை பற்றித் தனி நூலே வெளியிட்டார்கள்.

இதோடு பிரச்சினை தீர்ந்ததா என்றால், இல்லை. 1934-ல் ஜோஸ்லின் தன் பேரேடுகளைப் புரட்டிவிட்டு ஒரு கட்டுரை எழுதினார். இன்சுலின் வந்த பின் கோமாவால் இறப்பது 60 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாக விழுந்திருந்தது. ஆனால் கால் அழுகி இறப்பவர்கள் அதிகமாகியிருந்தார்கள். முன்பு இளம் வயதில் கோமாவில் போனவர்கள் இப்போது பல வருடம் வாழ்ந்தார்கள். அதற்குள் கால் நரம்பும் ரத்தக் குழாயும் கெட்டுப்போயின. கால் அழுகுவது விதி இல்லை, கவனக்குறைவின் விளைவு என்று ஜோஸ்லின் அதில் வாதிட்டார். மருந்து, சாப்பாடு, பாதப் பராமரிப்பு, தொற்று வந்தால் உடனே சர்ஜன் என்று டாக்டர், நர்ஸ், பாத நிபுணர் எல்லாரும் சேர்ந்த குழுவைக் கட்டினார். சாப்பாட்டுக்கு முன் மருத்துவமனையிலேயே ரத்தச் சர்க்கரை பார்க்கும் முறையும் அவர் மேற்பார்வையில் 1940-ல் அங்கே வந்தது. இன்று வீட்டில் விரலைக் குத்திப் பார்க்கும் கருவிக்கு அது ஒரு முன்னோடி.

கவனக்குறைவு என்ற அந்தச் சொல்லில் நியாயமும் இருக்கிறது, கடுமையும் இருக்கிறது. ஜோஸ்லின் கண்டிப்பான ஆள். கட்டுப்பாட்டைக் கிட்டத்தட்ட ஒழுக்கமாகவே பார்த்தார். எவ்வளவு ஒழுங்காக இருந்தும் காலை இழந்தவர்களுக்கு அந்தப் பார்வை கூடுதல் பாரமாக இருந்திருக்கும்.

எதிர்ப்பும் இருந்தது

நோயாளிக்குத் தொந்தரவு இல்லாதவரை சிறுநீரில் சர்க்கரை போனால் போகட்டும், இஷ்டப்படி சாப்பிடட்டும் என்று நியூயார்க்கின் எட்வர்ட் டால்ஸ்டாய் போன்ற டாக்டர்கள் வாதிட்டார்கள். 1962 ஜனவரியில் தன் 92-வது வயதில் ஜோஸ்லின் இறந்தபோதுகூட இந்தச் சண்டை முடியவில்லை. 31 வருடம் கழித்து, 1993-ல், டைப் 1 நோயாளிகள் 1,441 பேரிடம் நடந்த ஆய்வு கண், சிறுநீரகம், நரம்புப் பாதிப்பைக் கட்டுப்பாடு குறைக்கிறது என்று காட்டியது.

ஆபரேஷன் விஷயத்திலும் பதில் மெதுவாகத்தான் வந்தது. இதய அறுவை சிகிச்சை செய்துகொண்ட சர்க்கரை நோயாளிகளுக்கு இன்சுலினைச் சொட்டுச் சொட்டாக ஏற்றியபோது நெஞ்செலும்புக் காயத்தின் ஆழமான தொற்று பாதிக்கும் கீழாகக் குறைந்ததாக அமெரிக்காவின் போர்ட்லாண்டிலிருந்து 1999-ல் செய்தி வந்தது. 2001-ல் பெல்ஜியத்தின் லூவன் நகரில், அறுவை சிகிச்சைக்குப் பின் ஐசியுவில் இருந்தவர்களின் சர்க்கரையை 80 முதல் 110-க்குள் இறுக்கிப் பிடித்ததில் இறப்பு குறைந்தது. உலகமே அதைப் பின்பற்றக் கிளம்பியது. 2009-ல் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட ஐசியு நோயாளிகளிடம் நடந்த நைஸ்-சுகர் ஆய்வு கதையை மாற்றியது. இறுக்கிப் பிடித்த குழுவில் இறப்பு 27.5 சதவீதம், ஓரளவு விட்டுப்பிடித்த குழுவில் 24.9. சர்க்கரை ரொம்பத் தாழ்ந்துபோன சம்பவங்களும் இறுக்கிய குழுவில்தான் அதிகம். மயக்கத்தில் இருப்பவருக்கு லோ சுகர் வந்தால் வியர்க்கிறது, படபடக்கிறது என்று சொல்ல வாய் இருக்காது.

அதனால் இன்று நடு வழி. அவசரமில்லாத ஆபரேஷன் என்றால் மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி முடிந்தவரை 8 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும் என்கிறது அமெரிக்க நீரிழிவு சங்கம், பிரிட்டனில் 8.5 வரை ஒப்புக்கொள்கிறார்கள். ஆபரேஷனை ஒட்டிய நேரத்தில் சர்க்கரை 100 முதல் 180-க்குள் இருந்தால் போதும். இதனால்தான் முந்தின நாள் மட்டும் சாப்பாட்டைக் குறைத்துவிட்டுப் போவதில் பலன் இல்லை, ஹெச்பிஏ1சி காட்டிக்கொடுத்துவிடும். பட்டினி கிடந்தபடியே வழக்கமான மாத்திரையைப் போட்டுக்கொண்டு போவதும் ஆபத்து. மெட்ஃபார்மினை ஆபரேஷன் அன்று நிறுத்தச் சொல்வார்கள். டபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகையைக் குறைந்தது 3 நாட்களுக்கு முன்பே நிறுத்த வேண்டும். சர்க்கரை சாதாரணமாகத் தெரியும்போதே ரத்தத்தில் அமிலம் சேர்ந்துவிடும் அபாயம் அதில் உண்டு. இன்சுலின் போடுகிறவர்கள் தாங்களாகவே மொத்தமாக நிறுத்திவிடக் கூடாது. எதை, எவ்வளவு, எப்போது என்பதை மயக்க மருந்து டாக்டரிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும்.

அவசர ஆபரேஷனுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. குடல்வால் வெடிக்கும் நிலையிலோ காலில் சீழ் பரவும் நிலையிலோ சுகர் 400 இருக்கிறதே என்று நாள்கணக்கில் காத்திருக்க முடியாது. சீழை எடுக்காமல் சர்க்கரையும் சரியாக இறங்காது. இன்சுலினையும் சலைனையும் ஏற்றிக்கொண்டே தியேட்டருக்குக் கொண்டுபோகிறார்கள்.