காமராஜரும் பதவிக் காலமும்

திருநள்ளாற்றை அடுத்த அம்பகரத்தூர், பத்திரகாளியம்மன் அசுரனை வதைத்த தலம் என்று பெயர் பெற்றது. வரம் பெற்றவன் அந்த வரத்தின் பலத்தாலேயே கட்டுக்கடங்காதவனாகிவிட, அவனை அடக்க அன்னையே எழுந்தருள வேண்டியிருந்தது என்பது நம் புராணங்கள் திரும்பத் திரும்பப் புகட்டும் நீதி. ஜனநாயகத்தில் வரமளிப்பவர்கள் வாக்காளர்கள். அவர்கள் ஒருவருக்கே எத்தனை முறை வரமளிக்கலாம்? சட்டசபை அங்கத்தினர் பதவிக்கு ஒரு வரம்பு வேண்டுமா? 1880 முதலே நகரசபைத் தேர்தல்களைக் கண்டு வந்த காரைக்கால் பிரதேசம் அலட்சியம் செய்யத்தக்க கேள்வியன்று இது. விடை தேடுவோர் காமராஜரின் வாழ்க்கையைச் சற்று நிதானமாக நோக்குவது நலமென்று கருதுகிறோம்.

விருதுநகரில் 1903 ஜூலை 15-ல் பிறந்த காமராஜர், இளமையிலேயே தந்தையை இழந்து, பள்ளிப் படிப்பை முடிக்காமல், மாமனின் கடையில் வேலைக்கு அமர்ந்தவர். தேச சேவை அவரைக் கடையிலிருந்து வீதிக்கும், வீதியிலிருந்து சிறைக்கும் இழுத்துச் சென்றது. 1930-ல் வேதாரணியம் உப்பு சத்தியாக்கிரகத்தில் ஈடுபட்டுச் சிறை புகுந்தார். பல தவணைகளில் அவர் சிறையில் கழித்த காலம் ஏறக்குறைய ஒன்பது ஆண்டுகள். பிற்காலத்தில் முதல் மந்திரியாக இருந்ததும் அதே ஒன்பது ஆண்டுகள்தாம்.

1941-ல் அவர் சிறையில் இருக்கும்போதே விருதுநகர் நகரசபை அவரைத் தலைவராகத் தேர்ந்தெடுத்தது. விடுதலையான பின் அவர் அப்பதவியை உடனே துறந்தார். முழு மனத்துடன் பணியாற்ற இயலாத ஆசனத்தில் அமர்ந்திருப்பது முறையன்று என்பது அவர் எண்ணம். பதவி தமக்குரிய சொத்தன்று என்ற உணர்வு அவரிடம் அன்றே வேரூன்றியிருந்தது.

1954 ஏப்ரல் 13-ல் சென்னை ராஜ்யத்தின் முதல் மந்திரியானார். அதே ஆண்டு நவம்பர் முதல் தேதி காரைக்கால் பிரெஞ்சுக்காரர் பிடியிலிருந்து விலகி இந்திய நிர்வாகத்தின்கீழ் வந்தது. அவர் ஆட்சியில் கிராமந்தோறும் பள்ளிகள் திறக்கப்பட்டன. ஏழைக் குழந்தைகளுக்கு மதிய உணவு கிடைத்தது. வைகையும் சாத்தனூரும் அணை கண்டன. தலைமைத் தேர்தலில் தம்மை எதிர்த்து நின்ற சி. சுப்பிரமணியத்தையும் தம் மந்திரிசபையில் சேர்த்துக் கொண்டார்.

1963-ல் நடந்த இடைத்தேர்தல்கள் சிலவற்றில் காங்கிரஸ் தோல்வியுற்றது. மூத்த தலைவர்கள் பதவி துறந்து ஸ்தாபனப் பணிக்குத் திரும்ப வேண்டும் என்ற யோசனையை காமராஜர் நேருவிடம் வைத்தார். பிறருக்குச் சொன்னதைத் தாமும் செய்து, அக்டோபர் 2-ல், காந்தி ஜயந்தியன்று, பதவியை விட்டிறங்கினார். அவரோடு சேர்த்து ஆறு முதல் மந்திரிகளும் ஆறு மத்திய மந்திரிகளும் விலகினார்கள். புதுவைச் சட்டசபை தோன்றிய 1963 ஜூலைக்கு மூன்றே மாதங்கள் கழித்து நிகழ்ந்தது இது. பதவியேறும் வழியை நம் பிரதேசம் கற்றுக்கொண்ட ஆண்டிலேயே, இறங்கும் வழியையும் ஒருவர் காட்டினார்.

ஆயினும் இதைப் புகழ்ந்துவிட்டு நின்றுவிடுவது உண்மைக்குத் துரோகமாகும். யார் விலகுவது என்று முடிவு செய்தவர் நேரு, விதியன்று. விலகியவர்களில் லால் பகதூர் சாஸ்திரி 1964 ஜனவரியிலேயே மந்திரிசபைக்குத் திரும்பினார். காமராஜரும் அதிகாரத்தைத் துறந்து வனவாசம் போகவில்லை. அதே மாதம் காங்கிரஸ் தலைவரானார். 1964-லும் 1966-லும் பிரதம மந்திரிகளைத் தேர்ந்தெடுப்பதில் அவர் கையே ஓங்கியிருந்தது. அதற்கு முன்பும், 1940 தொட்டு ஏறக்குறைய பன்னிரண்டு ஆண்டுகள் தமிழ்நாடு காங்கிரஸ் தலைமை அவரிடமே இருந்தது. உத்தமருடைய மனத்தையே நம்பி நின்ற ஏற்பாடு, உத்தமர் அருகியபோது மறைந்து போயிற்று.

வரம்பு வேண்டாம் என்போர் 1967-ஐச் சுட்டுவர். விருதுநகர் மக்கள் அவரையே 1,285 வாக்குகளில் தோற்கடித்து, ஒரு மாணவர் தலைவரைத் தேர்ந்தெடுத்தார்கள். 1969-ல் நாகர்கோவில் மக்கள் அவரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பினார்கள். வாக்காளர் கையிலேயே கடிவாளம் இருக்கும்போது சட்டம் எதற்கு என்பது அவர்கள் வாதம். அது வலுவான வாதமே. ஆனால் அபேட்சகரைப் பொறுக்குவது கட்சி; பணமும் செல்வாக்கும் பல ஆண்டுகளாக ஒரே இடத்தில் குவிந்த பிறகு, புதியவர் ஒருவர் களத்தில் காலூன்றுவதே அரிது. போட்டிக்கே வராதவருக்கு வாக்காளர் எங்ஙனம் வாக்களிப்பார்?

நம் அரசியல் சட்டத்தின் 172-ஆவது பிரிவு சட்டசபைக்கு ஐந்தாண்டு ஆயுள் விதிக்கிறது. அங்கத்தினர் எத்தனை முறை வரலாம் என்பது பற்றி வரம்பு ஏதும் இல்லை. அமெரிக்கா 1951-ல் ஜனாதிபதிக்கு இரண்டு முறை என்று வரையறுத்தது. காங்கிரஸ் சபை அங்கத்தினருக்கு அவ்வாறு செய்யவில்லை. பிலிப்பைன்ஸ் 1987-ல் கீழ்ச்சபையினருக்குத் தொடர்ந்து மூன்று முறை என்று விதித்தது; பல தொகுதிகளில் கணவர் விட்ட இடத்தில் மனைவியும், தந்தை விட்ட இடத்தில் மகனும் வந்து அமர்ந்தனர். அந்நோய் நம் நாட்டிலும் முற்றியிருப்பதால் இந்த எச்சரிக்கை நமக்கு இன்றியமையாதது.

இவற்றுக்கெல்லாம் முன்பே தமிழகம் ஒரு வழி கண்டது. முதலாம் பராந்தக சோழன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டு, 921-ல் பொறிக்கப்பட்டது. முந்திய மூன்றாண்டுகளில் வாரியத்தில் இருந்தவர் குடவோலைக்குத் தகுதியற்றவர் என்கிறது; இருந்தும் கணக்குக் காட்டாதவரை மட்டுமின்றி, அவருடைய உறவினரையும் விலக்குகிறது. அந்த உரிமை அன்று நிலமும் கல்வியும் உடைய சிலருக்கே உரியதாக இருந்தது மெய்தான். ஆயினும் உறவினர் வாயிலாகப் பதவி தொடரும் வழியை நம் முன்னோர் அறிந்தே அடைத்தனர்.

ஆதலால் நாம் வேண்டுவது ஆயுள் தடையன்று, இடைவெளி. தொடர்ந்து இரண்டு முறை சட்டசபையில் இருந்தவர் மூன்றாம் முறை ஒதுங்கி நிற்கட்டும். அந்த இடைக்காலத்தில் அவர் குடும்பத்தார் அத்தொகுதியில் நில்லாதிருக்கட்டும். பிறகு மக்கள் விரும்பினால் மறுபடியும் வரலாம். இதனால் அனுபவம் வீணாகாது. காமராஜர் போன்றவரை நாடு இழக்கவும் நேராது. அவர் தாமாகச் செய்ததைப் பிறர் சட்டத்துக்கு அடங்கிச் செய்வார்கள், அவ்வளவே.

பதவி விலகிய அதே அக்டோபர் 2-ல், 1975-ஆம் ஆண்டு, அவர் காலமானார். மனைவி மக்கள் இல்லை. விட்டுச் சென்ற சொத்து என்று சொல்லத்தக்கதும் இல்லை. அத்தகையவர் எப்போதோ ஒருமுறை தோன்றுவார். அவரை எதிர்பார்த்து வாளாவிருப்பதைவிட, அவர் இல்லாத காலத்துக்கும் உதவும் விதியொன்றை இயற்றுவதே, அம்பகரத்தூர் முதல் குமரி வரையுள்ள வாக்காளர் தம் பிரதிநிதிகளிடம் கேட்க வேண்டிய வரம்.