புக்கிட் சந்துவை விட்டு அகலாத லெப்டினன்ட் அட்னான்

புக்கிட் சந்து என்றதும் குறுகலான நம் ஊர்ச் சந்து நினைவுக்கு வரலாம். மலாயில் சந்து என்றால் அபினி. அடிவாரத்தில் அபினித் தொழிற்சாலை இருந்ததால், சிங்கப்பூரின் பாசிர் பாஞ்சாங்கில் உள்ள அந்தக் குன்றுக்கு இப்பெயர். 1942 பிப்ரவரி 14ஆம் தேதி அதைக் காத்து நின்றவர்களில் ஒருவர் லெப்டினன்ட் அட்னான் சாய்டி.

காஜாங் அருகே சுங்கை ராமாலில் 1915இல் பிறந்தவர். சிறிது காலம் ஆசிரியர். 1933இல் மலாய்ப் படைப்பிரிவில் சேர்ந்தார். 1937இல் லண்டன் முடிசூட்டு விழா அணிவகுப்புக்கும் தேர்வானார்.

அன்று பிற்பகல் தலைப்பாகையும் இந்திய ராணுவச் சீருடையுமாக ஒரு படை குன்றை நோக்கி வந்தது. பஞ்சாபி வீரர்கள் என்றுதான் யாரும் நினைத்திருப்பார்கள். ஆனால் பிரிட்டிஷ் படையினர் மும்மூன்று பேராக நடப்பது வழக்கம். வந்தவர்களோ நான்கு நான்கு பேராக! மாறுவேடமிட்ட ஜப்பானியர் என்று அட்னான் கண்டுகொண்டார். நெருங்கி வந்ததும் சுட உத்தரவிட்டார். ஜப்பானியர் சிதறினர்.

சில மணி நேரத்தில் பெரும் பலத்துடன் திரும்பி வந்தனர். இங்கே தோட்டாக்கள் தீர்ந்துகொண்டிருந்தன. பின்னால் எண்ணெய் பற்றி எரியும் கால்வாய். படுகாயமடைந்த அட்னான் பின்வாங்க மறுத்தார். கடைசியில் கத்திமுனைச் சண்டைதான். பிடிபட்ட அவரை ஜப்பானியர் கொடூரமாகக் கொன்றனர்.

மறுநாள் சிங்கப்பூர் சரணடைந்தது.