சென்ற வழியில் மீண்டும் செல்லாதவர்

அம்பத்தூரிலிருந்து பூந்தமல்லிக்கு ஒருமுறை போய்வந்தாலே நாம் அலுத்துக்கொள்கிறோம். இப்னு பதூதாவோ சுமார் 1,17,000 கிலோமீட்டர் பயணம் செய்ததாகக் கணக்கிடுகிறார்கள். அந்தத் தூரத்தை வியக்கும் நாம், அதற்காக அவர் கொடுத்த விலையை அதிகம் பேசுவதில்லை.

மொராக்கோவின் தாஞ்சியர் நகரில் 1304-ல், காழிகள் பலரைத் தந்த குடும்பத்தில் பிறந்தவர் அவர். 1325-ல், 21 வயதில், ஹஜ்ஜை நாடித் தன்னந்தனியாகப் புறப்பட்டார். பெற்றோர் இருவரும் அப்போது உயிருடன் இருந்தனர். வழியில் கடுங்காய்ச்சல் கண்டபோது, கீழே விழாமலிருக்கத் தலைப்பாகைத் துணியால் தம்மைச் சேணத்தோடு கட்டிக்கொண்டு பயணத்தைத் தொடர்ந்தார். தூனிஸ் நகரில் எல்லோரும் தெரிந்தவர்களுக்கு ஸலாம் சொல்லிக்கொள்ள, தம்மை விசாரிக்க ஒருவரும் இல்லையே என்று அழுதுவிட்டார். பிழைப்புக்காக வெளிநாடு போய் இறங்கிய முதல் நாளை நினைவில் வைத்திருப்பவர்களுக்கு அந்தக் கண்ணீர் புரியும்.

இயன்றவரை சென்ற வழியில் மீண்டும் செல்வதில்லை என்பது அவரது வழக்கம். எந்த ஊருக்குப் போனாலும் ஆலிம்களையும் இறைநேசர்களையும் தேடிச் சந்திப்பார். வெற்றிலை, தேங்காய், மாங்காய் ஊறுகாய் எனக் கண்டதையும் உண்டதையும் மனத்தில் பதித்துக்கொள்வார். டெல்லி சுல்தானின் தூதராகச் சீனாவுக்குப் புறப்பட்டவர், கோழிக்கோட்டில் ஜுமுஆ தொழுவதற்காகக் கரையில் தங்கினார். அன்றிரவு வீசிய புயலில் கப்பல் உடைந்தது. மிஞ்சியவை பத்துத் தீனாரும் ஒரு விரிப்பும்தான்.

பின்னர் மாலத்தீவு, இலங்கை வழியாகத் தமிழகம் வந்தார். மஅபர் சுல்தான் கியாஸுத்தீன் அவருக்குச் சகலை முறை. ஆயினும், போரில் பிடிபட்ட பெண்களையும் குழந்தைகளையும் அந்தச் சுல்தான் கொன்றதை அவர் மறைக்கவில்லை. இழிசெயல் என்றே பதிவு செய்தார். உறவும் விருந்தோம்பலும் அவர் வாயை அடைக்கவில்லை. மதுரையில் கொள்ளைநோய் பரவிய நாட்களில் அவரும் காய்ச்சலில் விழுந்தார். நம் வீட்டுப் புளியைக் கரைத்துக் குடித்துத்தான், அல்லாஹ்வின் அருளால், குணமடைந்தார். அங்கிருந்து திரும்பும் வழியில் கடற்கொள்ளையர் உடுத்திய துணி தவிர அனைத்தையும் பறித்தனர். புகாராவில் பிரதி எடுத்திருந்த கல்லறை வாசகங்களும் அதில் போயின.

24 ஆண்டுகளுக்குப் பின், 1349-ல், அவர் தாயகம் திரும்பினார். தந்தை இறந்து 15 ஆண்டுகள் ஆகிவிட்டன என்பதை வரும் வழியில், டமாஸ்கஸில்தான் அறிந்தார். தாயையாவது பார்க்கலாம் என்றால், சில மாதங்களுக்கு முன்பே கொள்ளைநோய் அவரைக் கொண்டுபோயிருந்தது. தாஞ்சியருக்குச் சென்றவருக்குத் தாயின் கப்ரை மட்டுமே ஸியாரத் செய்ய முடிந்தது.

அதன் பிறகும் ஸ்பெயினுக்கும் மாலிக்கும் போய்வந்தார். பின்னர் ஃபெஸ் நகரில் சுல்தான் அபூ இனானின் ஆணைப்படி, பெரும்பாலும் நினைவிலிருந்தே தம் பயணங்களைச் சொல்லச் சொல்ல, இப்னு ஜுஸைய் எழுதினார். 1355-ல் நூல் நிறைவுற்றது. இறுதிக் காலத்தில் தம் நாட்டிலேயே காழியாக இருந்து மறைந்தார்.

அவர் காலத்தில் வீட்டுச் செய்தி வந்துசேர ஆண்டுகள் பிடித்தன. நம் பிள்ளைகள் துபாயிலும் ரியாத்திலும் இருக்கிறார்கள். கையில் தொலைபேசி இருக்கிறது. உலகம் சுற்றியவரின் நூலைப் படித்து மூடும்போது, ஊரிலிருக்கும் தாயை ஒருமுறை அழைத்துப் பேசத் தோன்றினால், அதுவே நாம் அதிலிருந்து பெற்ற பயன்.