திறந்த இதய அறுவை சிகிச்சைக்கு இந்தியாவில் வழிவகுத்த மருத்துவர் என்.கோபிநாத்

ஸ்ரீ விஜயபுரம்: அந்தமான் நிக்கோபார் தீவுகளில் சிக்கலான இதயக் குறைபாட்டுடன் பிறக்கும் குழந்தையின் பெற்றோர், அறுவை சிகிச்சைக்காகக் கடல் கடந்து சென்னை, வேலூர் போன்ற நகரங்களை நாடுகின்றனர். அங்கு இன்று அன்றாட நிகழ்வாகிவிட்ட திறந்த இதய அறுவை சிகிச்சைக்கு இந்தியாவில் அடித்தளமிட்டவர்களுள் முதன்மையானவர் மருத்துவர் என்.கோபிநாத்.

1922ஆம் ஆண்டு பெல்லாரியில் பிறந்த அவர், சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்றார். பின்னர், அமெரிக்க மருத்துவர் ரீவ் பெட்ஸ் 1949இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் தொடங்கிய மார்பறுவை சிகிச்சைத் துறையில் பணியாற்றினார்.

அக்காலத்தில் இதயத்தைத் திறப்பதற்கு இருந்த பெருந்தடை இதயமன்று, மூளையே. குருதியோட்டம் நின்றால் இயல்பான உடல் வெப்பநிலையில் சில நிமிடங்களிலேயே மூளை சேதமடையத் தொடங்கும். சிறுநீரகம், கல்லீரல், குடல் ஆகியவையும் அடுத்தடுத்துப் பாதிக்கப்படும். இதயம் சீரானாலும் குழந்தையின் அறிவுத்திறன் பறிபோனால் சிகிச்சையின் பயன் என்ன என்ற கேள்வி மருத்துவர்களை வாட்டியது.

இதற்கான விடைகள் பல அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் உருவாயின. 1952இல் மருத்துவர் ஜான் லூயிஸ், ஐந்து வயதுச் சிறுமியின் உடலைச் சுமார் 28 டிகிரி செல்சியசுக்குக் குளிர்வித்து, ஐந்தரை நிமிடங்களில் இதயச் சுவரின் துளையை அடைத்தார். குளிர்ந்த உடலுக்குக் குறைந்த ஆக்சிஜனே போதும் என்பதே இதன் அடிப்படை. 1954இல் மருத்துவர் வால்டன் லில்லிஹை, பெற்றோரின் குருதியோட்டத்தைக் குழந்தையுடன் இணைத்துச் சிகிச்சை அளித்தார். இம்முறையில் சிகிச்சை பெற்ற 45 பேரில் 28 பேர் உயிர் பிழைத்து வீடு திரும்பினர். எனினும் ஒரே நேரத்தில் இரு உயிர்களைப் பணயம் வைத்த அம்முறை, 1955இல் குமிழி வகை ஆக்சிஜனேற்றக் கருவி வந்தபின் வழக்கொழிந்தது.

1950களின் பிற்பகுதியில் லில்லிஹையிடம் பயிற்சி பெற்ற கோபிநாத், அந்த அறிவுடன் வேலூர் திரும்பினார். 1962இல் இதய-நுரையீரல் இயந்திரத்தின் உதவியுடன் அவர் செய்த அறுவை சிகிச்சை, இந்தியாவின் முதல் வெற்றிகரமான திறந்த இதய அறுவை சிகிச்சையாகக் கருதப்படுகிறது. அதன்பின் டெல்லி அகில இந்திய மருத்துவ அறிவியல் கழகத்தில் இதய அறுவை சிகிச்சைத் துறையை வளர்த்தெடுத்தார். அதே கழகத்தில் 1994இல் நாட்டின் முதல் வெற்றிகரமான இதய மாற்று அறுவை சிகிச்சையைச் செய்த மருத்துவர் பி.வேணுகோபால், அவரிடம் பயின்றவர்.

கோபிநாத்தின் தலைமுறை தொடங்கிவைத்த பணி, பிறந்த சில நாள்களேயான சிசுக்களை எட்டுவதற்கு மேலும் பல ஆண்டுகள் தேவைப்பட்டன. மூன்று கிலோ எடையுள்ள சிசுவின் உடலில் ஓடும் குருதி ஏறத்தாழ 250 மில்லிலிட்டர் மட்டுமே. இயந்திரக் குழாய்களை நிரப்பும் திரவமே அக்குருதியை வெகுவாக நீர்த்துப்போகச் செய்துவிடும். எனவே சிறிய குழாய்களும், மிகுதியான நீரை வடிகட்டும் முறையும் வந்தன. உடலை 18 முதல் 20 டிகிரி வரை குளிர்வித்துக் குருதியோட்டத்தை முற்றிலும் நிறுத்தும் முறை 1970களில் பரவியது. நீண்ட நிறுத்தம் மூளைக்கு ஊறு விளைவிக்கும் என்பதைப் பின்வந்த ஆய்வுகள் உணர்த்தியதால், இயன்றவரை மூளைக்குக் குருதியைத் தொடர்ந்து செலுத்துவதே இன்று விரும்பப்படுகிறது. மூளையின் ஆக்சிஜன் அளவை நெற்றியில் ஒட்டும் உணரி நொடிக்கு நொடி காட்டுகிறது. உடலை மீண்டும் சூடேற்றுவதும் மெதுவாகவே நடைபெறுகிறது.

தீவுகளில் பிறக்கும் சிசுவைப் பொறுத்தவரை, இப்பாதுகாப்பு அறுவை அரங்கிற்கு வெகு முன்பே தொடங்கியாக வேண்டும். பிறந்தவுடன் ஆக்சிஜன் அளவைச் சோதித்துக் குறைபாட்டைக் கண்டறிவதும், சில வகைக் குறைபாடுகளில் இதயத்தருகே உள்ள நாளம் மூடாதிருக்கப் புரோஸ்டாகிளாண்டின் மருந்தைச் செலுத்தியபடியே விமானத்தில் அனுப்புவதும், மூளையும் பிற உறுப்புகளும் வாடாமல் காக்கும் முதற்படிகள்.

இரு குடியரசுத் தலைவர்களின் கௌரவ அறுவை மருத்துவராகவும் விளங்கிய கோபிநாத்துக்கு 1974இல் பத்மஸ்ரீ, 1978இல் பத்மபூஷண் விருதுகள் வழங்கப்பட்டன. 2007ஆம் ஆண்டு ஜூன் 3ஆம் நாள் அவர் காலமானார்.