சொல்லும் வாழ்வும் ஒன்றான காயிதே மில்லத்

மேடையில் சமத்துவம் முழங்குவோர் பலர். தம் இல்லத்திலும் தொழிலிலும் அதனைப் பேணுவோர் சிலர். அச்சிலருள் ஒருவர் கண்ணியத்திற்குரிய காயிதே மில்லத் முகம்மது இஸ்மாயில் சாகிப் அவர்கள்.

1896 ஜூன் 5ஆம் நாள் திருநெல்வேலிப் பேட்டையில் பிறந்த அவர், இளமையிலேயே தந்தையை இழந்து அன்னையின் அரவணைப்பில் வளர்ந்தார். பட்டப்படிப்பு முடியும் தறுவாயில், ஒத்துழையாமை இயக்கத்தின் அழைப்பை ஏற்று 1920இல் கல்லூரியைத் துறந்தார். பின்னர்ச் சென்னையில் ஜமால் முகம்மது அவர்களின் தோல் வணிக நிறுவனத்தில் பணியேற்றார். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம் ஆகிய நம் ஊர்களை வளர்த்த தொழிலும் அதுவேயன்றோ! செல்வம் குவிக்க வழியிருந்தும் அவர் பொதுவாழ்வையே நாடினார்.

1946 முதல் 1952 வரை சென்னைச் சட்டமன்றத்தில் எதிர்க்கட்சித் தலைவர். 1949இல் அரசியல் நிர்ணய சபையில் தமிழை ஆட்சிமொழியாக்கக் கோரியவர். 1962, 1967, 1971 ஆகிய மூன்று தேர்தல்களில் மஞ்சேரியில் வென்றவர். எனினும் குரோம்பேட்டையில் ஓர் எளிய இல்லமே அவர்தம் உறைவிடம். 1962இல் சீனப் போர் மூண்டபோது, ஏழை வீட்டுப் பிள்ளைகளே களம் செல்லட்டும் என்றிராமல், தம் மகனையும் படைக்கு அனுப்ப முன்வந்தார். 1972 ஏப்ரல் 5ஆம் நாள் மறைந்தார்.

தொழுகை வரிசையில் தோளோடு தோள் நிற்கிறோம். அவ்வரிசை கலைந்தபின், தோல் பதனிடும் கூடத்தின் சுண்ணாம்புக் குழியருகே உழைப்பவரிடம், அவர் எச்சமயத்தவராயினும், நாம் எவ்வாறு பேசுகிறோம்? உரிய கூலியை உரிய நேரத்தில் அளிக்கிறோமா? காயிதே மில்லத்தின் பெயரைச் சொல்லுமுன் நாம் விடையளிக்க வேண்டிய வினாக்கள் இவை.