லீஸ் மைட்னர் அம்மையார்

அணுக்கருப் பிளவைக் கண்டவர் யார் என்று கேட்டால், ஆட்டோ ஹான் என்று நாம் தயங்காமல் எழுதிவிடுவோம், மதிப்பெண்ணும் கிடைத்துவிடும். அந்த விடைக்குப் பின்னே, விசா கிடைக்காமல் திரும்பிய ஓர் அம்மையாரின் வரலாறு மறைந்து கிடக்கிறது.

லீஸ் மைட்னர் 1878-இல் வியன்னா நகரில் யூதக் குடும்பமொன்றில் பிறந்தார். அந்நாளில் அங்கே பெண்களின் பள்ளிப் படிப்பு பதினான்கு வயதோடு சரி. பின்னர்த் தனியே பாடம் கேட்டு 1901-இல் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். 1906-இல் இயற்பியலில் டாக்டர் பட்டம் பெற்றார். மறு ஆண்டு பெர்லின் சென்றார். அங்கு வேதியியல் நிலையத்தில் பெண்களுக்கு இடமில்லை. தனி வாசல் வைத்த தச்சுப்பட்டறை ஒன்றே அவருக்கு ஆய்வகமாயிற்று! ஹானுடன் தொடங்கிய நட்பும் பணியும் முப்பது ஆண்டுகள் நீடித்தன.

1933-இல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்ததும் யூத அறிஞர்கள் வேலை இழந்தனர். மைட்னர் பல்கலைக்கழகத்தில் கற்பிக்கும் உரிமையை இழந்தாலும், ஆஸ்திரியக் குடிமகள் என்பதால் ஆய்வுப் பணியில் நீடித்தார். 1938 மார்ச்சில் ஜெர்மனி ஆஸ்திரியாவை விழுங்கியது. கோபன்ஹேகனில் நீல்ஸ் போரிடம் போய்விட எண்ணி, மே மாதம் டென்மார்க் தூதரக அலுவலகத்தில் விசா கேட்டார். மறுத்துவிட்டார்கள். நாடே இல்லாதபோது அதன் பாஸ்போர்ட் எப்படிச் செல்லும்? அப்போது அவருக்கு வயது 59.

வருமானச் சான்றிதழ் ஒன்றுக்காக நான் ஓர் அலுவலகத்தில் மூன்று நாள் நின்றிருக்கிறேன். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். எந்தத் தாளை எங்கே கேட்பது என்று சொல்லித்தர ஒருவருமில்லை. எனக்குப் போனது மூன்று நாள் வகுப்பு. அவருக்கோ உயிரே போயிருக்கும்.

அவர் வெளியேற அனுமதி கேட்டுக் கார்ல் போஷ் உள்துறை அமைச்சருக்கு எழுதினார். புகழ்பெற்ற யூதர்கள் வெளிநாடு சென்றால் ஜெர்மனிக்கு எதிராகப் பேசுவார்கள் என்று சொல்லி, ஜூனில் அதையும் மறுத்தனர். டிர்க் கோஸ்டர் என்ற டச்சு இயற்பியலார் தம் அரசிடம் நுழைவு அனுமதி வாங்கிக்கொண்டு பெர்லினுக்கே வந்தார். புறப்படும் முன்தினம் இரவு எட்டு மணிவரை அம்மையார் இளைஞர் ஒருவரின் கட்டுரையைத் திருத்திக்கொண்டிருந்தாராம்! ஜூலை 13 அன்று இரயிலில் எல்லை கடந்தபோது இருந்தவை இரு சிறு பெட்டிகள், பத்து மார்க் பணம், ஆபத்துக்கு உதவட்டும் என்று ஹான் கொடுத்த வைர மோதிரம்.

பிறகு சுவீடன். அவ்வாண்டு டிசம்பரில், நியூட்ரான் தாக்கிய யுரேனியத்தில் பேரியம் தென்படுகிறதென்று ஹான் கடிதம் எழுதினார். அம்மையாரும் அக்காள் மகன் ஆட்டோ ஃபிரிஷும் பனியில் நடந்து சென்று, ஒரு மரக்கட்டைமேல் உட்கார்ந்து கணக்கிட்டனர். அணுக்கரு இரண்டாகப் பிளந்தால் குறையும் நிறை, புரோட்டானின் நிறையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு. ஐன்ஸ்டீனின் சமன்பாட்டின்படி அது 20 கோடி எலெக்ட்ரான் வோல்ட். விளக்கம் 1939 பிப்ரவரியில் வெளியாயிற்று.

1944-ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசு ஹானுக்கு மட்டுமே தரப்பட்டது. இது அநீதி என்றே நான் கருதுகிறேன். அணுகுண்டுப் பணிக்கு வந்த அழைப்பை அம்மையார் ஏற்கவில்லை. 1949-இல் சுவீடன் குடியுரிமை பெற்றார். 1968-இல் கேம்பிரிட்ஜில் காலமானார்.

1997-இல் 109-ஆம் தனிமத்துக்கு மைட்னீரியம் என்று பெயரிட்டனர். நம் வேதியியல் ஆய்வகச் சுவரில் தொங்கும் பழைய அட்டவணை 103-உடன் முடிந்துவிடுகிறது.