துருக்கி தந்த எழுத்தரசி ஹாலிதே எதீப் அம்மையார்

உதுமானியப் பேரரசின் வீழ்ச்சியை எழுதப் புகுவோர் சுல்தான்களையும் தளபதிகளையும் உடன்படிக்கைகளையுமே பெரிதும் எழுதுவர். அவ்வீழ்ச்சியில் ஊரிழந்து திரிந்த மாந்தரை அறிய விழைவோர்க்கு ஹாலிதே எதீப் அம்மையாரின் வாழ்க்கை சிறந்ததோர் ஏடாகும் என்பது நம் கருத்து.

இவர் 1884ஆம் ஆண்டு இஸ்தான்பூலில் பிறந்தார். தந்தையார் சுல்தான் அப்துல் ஹமீதின் அரண்மனைச் செயலர். உஸ்குதாரில் இருந்த அமெரிக்க மகளிர் கல்லூரியில் பயின்று 1901இல் பட்டம் பெற்றார்; கணித அறிஞர் ஸாலிஹ் ஸெகியை மணந்தார். கணவர் இரண்டாம் மணம் செய்ய முற்பட்டபோது அதற்கு இசையாது 1910இல் மணவிலக்குப் பெற்றார். அதற்கு முந்தைய ஆண்டில் தலைநகரில் கலகம் மூண்டபோது, தம் எழுத்துகளால் உயிருக்கு ஊறு நேருமென அஞ்சி, இரு மைந்தருடன் எகிப்துக்குக் கப்பலேறியிருந்தார். அவர் கண்ட முதற் புலப்பெயர்வு அதுவே.

1912இல் பால்கன் போர் எழுந்தது. பேரரசின் ஐரோப்பிய நிலப்பகுதி ஏறத்தாழ முழுவதும் பறிபோக, அங்கிருந்து ஓடிவந்த முஸ்லிம் அகதிகளால் இஸ்தான்பூல் பள்ளிவாசல்கள் நிரம்பின. அம்மையார் மகளிரைத் திரட்டிச் செவிலித் தொண்டாற்றினார். காயமுற்ற துருக்கியர்க்கு மருத்துவம் செய்ய, டாக்டர் அன்சாரி தலைமையில் ஒரு குழு இந்தியாவிலிருந்து சென்றதும் அப்போதுதான்.

முதல் உலகப் போரின்போது ஜமால் பாஷாவின் அழைப்பை ஏற்றுச் சிரியா, லெபனான் பகுதிகளில் கல்விப்பணி புரிந்தார். அன்தூரா அநாதை இல்லத்தில் பெற்றோரை இழந்த ஆர்மீனியச் சிறாருக்குத் துருக்கிப் பெயர்கள் சூட்டப்பட்டன. தமக்கு அதில் உடன்பாடில்லை என அம்மையார் பின்னர் எழுதினார். எனினும் அவ்வில்லத்தின் பொறுப்பில் அவர் இருந்தார் என்பதும் உண்மை. அவரைப் போற்றுவோர் சிலர் இப்பகுதியைத் தாவிச் செல்வர். நாம் அங்ஙனம் செல்ல விரும்பவில்லை.

1919 மே 15 அன்று கிரேக்கப் படை இஸ்மிர் நகரில் இறங்கியது. எட்டாம் நாள் சுல்தான் அஹ்மத் திடலில் கூடிய பெருந்திரள்முன் அம்மையார் உரையாற்றினார். மக்கள் நண்பரென்றும் அரசுகளே பகைவரென்றும் அன்று அவர் பிரித்துக் காட்டியது எண்ணத்தக்கது. 1920இல் ஆங்கிலேயர் இஸ்தான்பூலைக் கைப்பற்றவே, இரண்டாம் கணவர் டாக்டர் அத்னானுடன் மாறுவேடத்தில் அனத்தோலியா சென்றார். முஸ்தபா கமாலுடன் இவர்க்கும் சுல்தானின் அரசு மரணதண்டனை விதித்தது. 1921இல் சகாரியாப் போரின்போது படையில் சேர்ந்து பணியாற்றினார். கிரேக்கப் படையால் அழிந்த சிற்றூர்களின் நிலையை ஆராயும் குழுவிலும் இடம்பெற்றார்.

1922 செப்டம்பர் 9 அன்று துருக்கிப் படை இஸ்மிரை மீட்டது. நான்கு நாள் கழித்து எழுந்த தீயில் கிரேக்கர், ஆர்மீனியர் குடியிருப்புகள் சாம்பலாயின. கடற்கரையில் கப்பலுக்குக் காத்துநின்றோர் பல்லாயிரவர். 1923 சனவரி 30இல் லோசான் நகரில் கையெழுத்தான ஒப்பந்தம் சுமார் 12 இலட்சம் கிரேக்கக் கிறித்தவர்களையும் ஏறத்தாழ 4 இலட்சம் முஸ்லிம்களையும் இடம்மாற்றியது. மொழியன்று, மதமே அங்கு அளவுகோல். துருக்கி மொழியன்றி வேறறியாக் கப்பதோக்கியாக் கிறித்தவர் கிரேக்கம் சென்றனர். கிரேக்கமே பேசிய கிரீட் தீவு முஸ்லிம்கள் துருக்கி வந்தனர். மொழி பயிற்றும் நமக்கு இச்செய்தி ஆழ்ந்த வேதனை தருவது.

வென்ற நாட்டிலும் அம்மையார்க்கு நிழல் கிட்டவில்லை. அத்னான் தோற்றுவித்தோருள் ஒருவராயிருந்த எதிர்க்கட்சி 1925இல் தடைசெய்யப்பட, இருவரும் நாடு நீங்கினர். 1927இல் முஸ்தபா கமால் ஆற்றிய நெடும்பேருரையில், அமெரிக்கப் பாதுகாப்பை ஏற்கலாமென 1919இல் அம்மையார் எழுதிய கடிதம் குற்றச்சான்றாயிற்று. ஆண்டுகள் பதினான்கு இங்கிலாந்திலும் பிரான்சிலும் கழிந்தன. தம் நினைவுகளை ஆங்கிலத்தில் எழுதியதும் அக்காலத்தேதான்.

1935இல் டாக்டர் அன்சாரியின் அழைப்பை ஏற்றுத் தில்லி ஜாமிஆ மில்லியாவில் தொடர்சொற்பொழிவு நிகழ்த்தினார். காந்தியடிகளும் அதில் பங்கேற்றார். பால்கன் போரில் தொடங்கிய உறவு அவ்வாறு அம்மையாரை இந்திய மண்ணில் கொண்டு சேர்த்தது.

1939இல் தாயகம் திரும்பி, மறு ஆண்டு இஸ்தான்பூல் பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கியப் பேராசிரியரானார். 1950இல் நாடாளுமன்றம் புகுந்து நான்காண்டுகள் உறுப்பினராயிருந்தார். 1964 சனவரியில் மறைந்தார். அவரைத் தேர்ந்தெடுத்த தொகுதி இஸ்மிர். அவர் வாக்குக் கேட்டுச் சென்ற நாளில், அந்நகரின் பழைய கிரேக்கக் குடிகள் ஏதென்சின் புறநகரான புதிய ஸ்மிர்னாவில் வாழ்ந்து கொண்டிருந்தனர்.